மனையை விற்பதற்கு முன்: பெம்ஃபிகஸும் செல் சிகிச்சையும்

கேள்வி: என் அக்காவுக்கு 34 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வாய்ப்புண்ணாகத் தொடங்கியது, பிறகு உடம்பெங்கும் கொப்புளமாகப் பரவியது. முதலில் அம்மை என்று நினைத்து வேப்பிலையில் படுக்க வைத்திருந்தோம். பயாப்சி செய்து 'பெம்ஃபிகஸ் வல்காரிஸ்' என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரையோடு ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ஏற்றினார்கள். ஓராண்டுக்கு மேல் நன்றாக இருந்தார். இப்போது வாயில் மறுபடியும் புண், முதுகில் நான்கைந்து கொப்புளங்கள். ஸ்டீராய்டால் சர்க்கரையும் வந்துவிட்டது. அமெரிக்காவில் இந்த நோய்க்கு நோய் எதிர்ப்புச் செல்களையே மருந்தாக்கிச் சோதித்துப் பார்ப்பதாகப் படித்தேன். இங்கேயே ஒரு தனியார் மருத்துவமனை, 9 லட்சம் ரூபாயில் 'இம்யூன் செல் தெரபி' செய்வதாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு இருக்கும் ஒரே மனையை விற்கத் தயாராக இருக்கிறேன். அமெரிக்கா போவதா, இங்கேயே செய்துகொள்வதா? அக்காவுக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்ற ஆசை உண்டு. இருக்கும் ஆறு வயது மகனை இப்போது அவர் பக்கத்தில் விடலாமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. பெம்ஃபிகஸ் தொற்றாது. கிருமியால் வரும் நோயே அல்ல இது. மகன் அம்மாவின் மடியில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் தூங்கலாம். புண்ணின் மேல் அவன் கை கால் பட்டால் அக்காவுக்கு வலிக்கும், அவ்வளவுதான். என்னிடம் வரும் பெம்ஃபிகஸ் பெண்களில் பலர் கொப்புளத்தைச் சொல்லி அழுவதைவிட, வீட்டில் தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுக்கி வைத்ததைச் சொல்லி அழுவதுதான் அதிகம். அம்மை என்று நினைத்ததில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் கொப்புளம் என்றால் நம் ஊரில் முதலில் வாயில் வரும் சொல் அதுதான். ஆனால் அம்மை இரண்டு மூன்று வாரத்தில் இறங்கிவிடும். ஒரு மாதம் கழித்தும் புதுக் கொப்புளம் கிளம்பினால் வேப்பிலையை எடுத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாவது, மனையை விற்க வேண்டாம். அமெரிக்காவுக்காகவும் வேண்டாம், அந்தத் துண்டுப் பிரசுரத்துக்காகவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. முதலாவது உண்மையான அறிவியல், ஆனால் உங்கள் அக்காவுக்கு அதன் வேளை இன்னும் வரவில்லை. இரண்டாவது வெறும் வியாபாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காரணம் புரிய வேண்டுமானால் நோயைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நம் மேல்தோலின் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து நிற்பதற்கு 'டெஸ்மோக்ளின்' என்ற புரதம் வேண்டும். வாயின் உட்பரப்பில் டெஸ்மோக்ளின் 3 முக்கியம், உடம்புத் தோலில் டெஸ்மோக்ளின் 1 முக்கியம். இரத்தத்தில் இருக்கும் பி செல்கள் கிருமிகளுக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்க வேண்டியவை. பெம்ஃபிகஸில் அவற்றில் ஒரு சிறு கூட்டம் தடம் மாறி, இந்த டெஸ்மோக்ளினுக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. அது போய் ஒட்டிக்கொண்டதும் செல்களின் பிடி விடுகிறது, நடுவில் நீர் சேர்கிறது. கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் தோலை விரலால் அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் வழுகிக்கொண்டு வரும். ஜாக்கெட்டைக் கழற்றும்போது துணியோடு தோலும் வருவது இதனால்தான். நம் அரசு மருத்துவமனைகளில் இந்த நோயாளிகளை வாழையிலையில் படுக்க வைக்கும் வழக்கம் உண்டு. இலையின் நடு நரம்பை நீக்கி, ஆவியில் வைத்துக் கிருமி போக்கி, லேசாக எண்ணெய் தடவி விரிப்பார்கள். படுக்கை விரிப்பு புண்ணில் ஒட்டிக்கொள்ளும், இலை ஒட்டாது. நோயாளி புரண்டு படுக்க முடியும். வெளிநாட்டு விலையுயர்ந்த கட்டுத்துணிகளைப் பார்த்த பிறகும் எனக்கு அந்த இலையின் மேல் உள்ள மரியாதை குறையவில்லை.

1950களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். தோல் உரிந்த உடம்பிலிருந்து நீரும் புரதமும் வழிந்தோடும், கிருமி உள்ளே புகும், வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாது. ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றியது. அதற்கு விலையாகச் சர்க்கரையையும் எலும்புத் தேய்மானத்தையும் கொடுத்தது. 1980களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே. எஸ். பஸ்ரிச்சா வேறு வழி கண்டார். தினமும் மாத்திரையாகக் கொடுப்பதற்குப் பதில், 28 நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள் தொடர்ந்து டெக்ஸாமெதசோன் 100 மில்லிகிராம் வீதம் குளுக்கோஸில் கலந்து ஏற்றுவது, அதில் ஒருநாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மில்லிகிராமும் சேர்ப்பது என்ற முறை அது. 'பல்ஸ்' என்று நோயாளிகளே சொல்லும் அளவுக்கு நாடு முழுவதும் பரவியது. என் தலைமுறை மருத்துவர்கள் அதில்தான் கை பழகினோம். சைக்ளோஃபாஸ்ஃபமைடு கருமுட்டைகளைப் பாதிக்கும் என்பது அதன் பெரிய குறை. இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைக்கும் உங்கள் அக்காவுக்கு அதை நான் எழுதமாட்டேன்.

இப்போது ரிட்டுக்சிமாப். உங்கள் கடிதத்தில் நான் நின்று நிதானித்துப் படித்தது இந்த இடத்தைத்தான். இந்த மருந்து பி செல்களின் மேல் இருக்கும் சிடி20 என்ற அடையாளத்தைப் பிடித்து அவற்றை அழிக்கிறது. பிரான்சில் பாஸ்கல் ஜோலி குழுவினர் 90 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு மட்டும் பெற்ற 44 பேரில், இரண்டு ஆண்டு முடிவில் மருந்தே இல்லாமல் முழுக்கத் தெளிந்திருந்தவர்கள் 15 பேர். ரிட்டுக்சிமாப்பும் சில மாதங்கள் மட்டும் ஸ்டீராய்டும் பெற்ற 46 பேரில் அப்படித் தெளிந்தவர்கள் 41 பேர். அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கு இதை அனுமதித்தது.

அந்த 46 பேருக்கும் எப்படிக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முதலில் இரண்டு வார இடைவெளியில் 1000 மில்லிகிராம் இரண்டு முறை. அதோடு நிறுத்தவில்லை. பன்னிரண்டாம் மாதம் 500, பதினெட்டாம் மாதம் மறுபடியும் 500. நோய் திரும்பும் வரை காத்திராமல், அது தலையெடுக்கும் காலத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே கொடுத்தார்கள். உங்கள் அக்காவுக்கு முதல் இரண்டு மட்டும் போயிருக்கின்றன. ஓராண்டுக்கு மேல் நன்றாக இருந்து பின்பு திரும்பியிருக்கிறது என்றால், மருந்து அவருக்குக் கேட்டிருக்கிறது என்றுதான் பொருள். பாதி வைத்தியம் நடந்திருக்கிறது. எல்லா மருந்தையும் பார்த்தாகிவிட்டது, இனி செல் சிகிச்சைதான் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. பணம் தீர்ந்ததால் நின்றதா, 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று நீங்களே போகாமல் விட்டீர்களா, மருத்துவர் வரச் சொல்லவில்லையா என்று கடிதத்தில் இல்லை. மூன்றுமே அன்றாடம் நடப்பவைதான். 2007 முதல் இந்தியாவிலேயே ரிட்டுக்சிமாப் தயாராகிறது. அதனால் அசல் மருந்தின் விலையைக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் கேட்டால் காப்பீட்டில் என்ன கிடைக்கும் என்றும் சொல்வார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. வாயில் இருப்பது உண்மையிலேயே பெம்ஃபிகஸ்தானா? ஸ்டீராய்டு சாப்பிட்டு, சர்க்கரையும் இருக்கும் ஒருவரின் வாயில் பூஞ்சை வளர்வது மிகச் சாதாரணம். ஹெர்பிஸ் என்ற வைரஸ் புண்ணும் சேர்ந்துகொள்ளும். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும், ரசம் பட்டால் மூன்றும் ஒரே மாதிரி எரியும். பூஞ்சையை நோய் என்று எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். முதுகில் கொப்புளம் இருப்பதால் நோய் திரும்பியிருப்பது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் வாய்ப்புண்ணைச் சுரண்டி ஒரு பரிசோதனை, இரத்தத்தில் டெஸ்மோக்ளின் 1, 3 ஆன்டிபாடி அளவு, இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எந்த முடிவும்.

சரி, நீங்கள் படித்த அந்தச் சோதனைக்கு வருகிறேன். அதன் வேர் இரத்தப் புற்றுநோயில் இருக்கிறது. நோயாளியின் இரத்தத்திலிருந்தே டி செல்கள் என்ற வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றுக்குள் புதிய மரபணுவைச் செலுத்தி, பி செல்களின் மேலுள்ள சிடி19 என்ற அடையாளத்தைத் தேடிக் கொல்லும்படி மாற்றி, மறுபடியும் அவர் உடம்பில் ஏற்றுவது. 'கார் டி செல்' என்கிறார்கள். அமெரிக்காவில் 2017இல் முதல் அனுமதி கிடைத்தது. புற்றுநோய் பி செல்லைக் கொல்லும் படை, தன்னுடல் தாக்கும் பி செல்லையும் கொல்லாதா என்று ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் கியார்க் ஷெட், ஆந்திரியாஸ் மக்கென்சன் குழுவினர் துணிந்து பார்த்தார்கள். 2021இல், எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் என்ற தன்னுடல் தாக்கும் நோயால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்த 20 வயதுப் பெண் ஒருவருக்கு முதலில் ஏற்றினார்கள். நோய் அடங்கியது. 2024 தொடக்கத்தில் 15 பேரின் முடிவை வெளியிட்டார்கள்: லூபஸ் 8, தசை அழற்சி 3, தோல் இறுகிப்போகும் சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ் 4. லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேருக்கும் நோய் ஓய்ந்தது, மற்றவர்களுக்குத் தணிந்தது. பதினைந்து பேருமே நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்தது.

எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்கு அடுத்த செய்தி. சராசரியாக நான்கு மாதத்துக்குள் அவர்கள் உடம்பில் பி செல்கள் திரும்பி வந்தன, ஆனால் நோய் திரும்பவில்லை. வந்தவை பழைய நினைவு எதுவும் இல்லாத புதுச் செல்கள். ரிட்டுக்சிமாப் இரத்தத்தில் ஓடும் பி செல்களை நன்றாகவே துடைக்கிறது. நெறிகட்டும் நிணநீர் முடிச்சுகளுக்குள் பதுங்கியிருப்பவை தப்பிவிடுகின்றன. செல் சிகிச்சைக்குப் பின் முடிச்சிலிருந்து துண்டு எடுத்துப் பார்த்தபோது அங்கேயும் பி செல்கள் காலியாகியிருந்தன. ரிட்டுக்சிமாப் பெற்றவர்களின் முடிச்சில் அவை இருந்தன.

ஆனால் இதில் நல்ல பி செல்லும் கெட்ட பி செல்லும் சேர்ந்தே சாகின்றன. பெம்ஃபிகஸில் எதிரி யார் என்று துல்லியமாகத் தெரியுமே, அந்தச் சிறு கூட்டத்தை மட்டும் தேடிக் கொல்ல முடியாதா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர் ஏமி பெய்ன், மைக்கேல் மிலோன் குழுவினர் கேட்ட கேள்வி அது. அவர்கள் செய்தது தூண்டில் போடும் வேலை. டி செல்லின் மேல் டெஸ்மோக்ளின் 3 புரதத்தின் துண்டையே இரையாக மாட்டினார்கள். அதைத் தாக்கும் குணமுள்ள பி செல் மட்டும் வந்து கவ்வும், கவ்விய கணமே டி செல் அதைக் கொன்றுவிடும். மற்ற பி செல்கள் திரும்பிப் பார்க்காது. எலிகளில் இது அழகாக வேலை செய்தது, 2016இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. இதைவிட நேர்த்தியான யோசனையை என் துறையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

2020இல் மனிதர்களில் சோதனை தொடங்கியது. கேபலெட்டா என்ற நிறுவனம் நடத்தியது. 2 கோடி செல்களில் தொடங்கி, ஒவ்வொரு குழுவாக அளவைக் கூட்டி, நூற்றுக்கணக்கான கோடி வரை போனார்கள். பெரிய ஆபத்து எதுவும் தலைகாட்டவில்லை. ஆனால் நோயும் எதிர்பார்த்தபடி அடங்கவில்லை. அளவைக் கூட்டக் கூட்டப் பலன் கூடும் என்ற தெளிவான போக்கே தெரியவில்லை. இரத்தத்தில் ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் ஆன்டிபாடிகள் இரையை மறைத்திருக்கலாம். தேடிக் கொல்ல வேண்டிய பி செல்கள் மிகச் சிலவே என்பதால் டி செல்கள் பெருகாமல் போயிருக்கலாம். எதுவானாலும் நிறுவனம் அந்தப் பாதையை ஓரமாக வைத்துவிட்டு, எர்லாங்கன் வழியில், எல்லா பி செல்களையும் அழிக்கும் சிடி19 சிகிச்சையின் பக்கம் திரும்பியது. இப்போது பெம்ஃபிகஸ் நோயாளிகளில் சோதிக்கப்படுவது அதுதான், அதிலும் முன்கூட்டிக் கீமோ கொடுக்காமலே செல்களை ஏற்ற முடியுமா என்று பார்க்கிறார்கள். கலிஃபோர்னியாவில் வேறொரு குழு, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்'களைப் பெருக்கி ஏற்றிப் பார்த்தது. அதுவும் சிறு ஆய்வு, முதல் கட்டம்.

இதில் நோயாளியாகச் சேர்ந்தால் என்னென்ன நடக்கும்? பலர் இதை ஓர் ஊசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் ஸ்டீராய்டைக் குறைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அது டி செல்களைப் பலவீனமாக்கும். குறைக்கும் வாரங்களில் கொப்புளம் பொங்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு நாள் இரண்டு கைகளிலும் ஊசி குத்தி, இரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குள் ஓடவிட்டு, வெள்ளணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்புவார்கள். மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். செல்கள் ஆய்வகத்தில் மாறிப் பெருகச் சில வாரங்கள். வழக்கமான முறையில், ஏற்றுவதற்கு முந்தைய நாட்களில் ஃப்ளுடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்துகள் போகும். ஏற்றும் நாள்தான் இருப்பதிலேயே எளிது. உள்ளங்கையளவு பை ஒன்று, சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

அதற்கப்புறம்தான் விழித்திருக்க வேண்டும். டி செல்கள் வேலையைத் தொடங்கியதும் காய்ச்சல் பொங்கும், இரத்த அழுத்தம் இறங்கலாம். அதை முறிக்க டோசிலிசுமாப் என்ற மருந்தைத் தயாராக வைத்திருப்பார்கள். மூளையையும் தொடக்கூடும். அதைக் கண்டுபிடிக்கும் வழி ஆச்சரியமான அளவுக்கு எளிமையானது. தினமும் செவிலியர் வந்து, இது என்ன மாதம் என்று கேட்பார். பேனா, கடிகாரம் என்று காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார். ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். நேற்று எழுதியதையும் இன்று எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கையெழுத்து கோணினால் ஸ்கேனுக்கும் முன்னால் அதுதான் எச்சரிக்கை. எர்லாங்கன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு லேசான காய்ச்சலோடு போயிற்று. புற்றுநோயாளிகளில் கடுமையாக வந்ததும் உண்டு, உயிர் போனதும் உண்டு.

நீண்டகாலக் கணக்கு வேறு. பி செல் இல்லாத மாதங்களில் நிமோனியா போன்ற தொற்றுகள் வரலாம். மரபணு மாற்றிய டி செல்லே அபூர்வமாகப் புற்றாக மாறக்கூடும் என்று 2024 ஜனவரியில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையை மருந்தோடு வரும் தகவல் தாளிலேயே சேர்க்கச் சொன்னது. அதனால் இந்தச் செல்களைப் பெற்றவர்களை வாழ்நாள் முழுவதும் கண்காணிக்கச் சொல்கிறார்கள். வேறு வழியில்லாத புற்றுநோயாளிக்கு இந்த ஆபத்து சிறியது. வேறு வழி இருக்கும் 34 வயதுப் பெண்ணுக்கு அதே ஆபத்தைத் தராசில் வைத்தால் முள் வேறு பக்கம் சாயும். குழந்தை விஷயமும் இதில் வருகிறது. கீமோவில் இருக்கும் அந்தச் சைக்ளோஃபாஸ்ஃபமைடைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். முன்கூட்டிக் கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றிப் பேசாத எந்த ஆய்வுக் குழுவிடமும் பெண் நோயாளிகள் ஒப்புதல் கையெழுத்துப் போடக் கூடாது.

'சோதனை' என்றால் என்ன என்பதிலும் நம்மில் பலருக்கு ஒரு குழப்பம். புதிய மருந்து வந்துவிட்டது, நமக்கு முன்னால் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறோம். முதல் கட்டச் சோதனை என்பது எவ்வளவு கொடுத்தால் ஆபத்து வராது என்று பார்ப்பது. நோயாளிக்கு நன்மை கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் கேள்வி அது இல்லை. மூன்றாம் கட்டம் வரை வந்தும் கவிழ்ந்த கதைகள் எங்கள் பெம்ஃபிகஸிலேயே இருக்கின்றன. ரில்சாப்ருடினிப் என்ற மாத்திரை சிறு ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது, 2021இல் பெரிய ஆய்வில் ஸ்டீராய்டோடு கொடுத்த போலி மாத்திரையைவிட மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. எஃப்கார்டிஜிமாட் என்ற ஊசியும் அப்படியே 2023இல் தோற்றது. இரண்டையும் பற்றி நானே நோயாளிகளிடம் நல்ல வார்த்தை சொல்லியிருந்தேன். எர்லாங்கன் முடிவுகள் இவற்றைவிடப் பலமானவை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவை 15 பேரின் முடிவு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத முடிவு, அந்த 15 பேரில் ஒருவருக்கும் பெம்ஃபிகஸ் இல்லை.

இனி அந்தத் துண்டுப் பிரசுரம். நீங்கள் படம் எடுத்து அனுப்பியிருப்பதால் வரி வரியாகப் படிக்க முடிந்தது. 'உங்கள் இரத்தத்திலிருந்தே நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, அவற்றை வலுப்படுத்தி, பல மடங்காகப் பெருக்கி மீண்டும் செலுத்துகிறோம்' என்று போட்டிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். அக்காவின் நோயே அவருடைய எதிர்ப்புச் செல்கள் அவர் தோலைத் தாக்குவதுதான். அதை 'வலுப்படுத்தி' ஏற்றினால் என்ன ஆகும்? உண்மையான ஆய்வில் நடப்பது குறிவைத்து ஒழிப்பது அல்லது தணிப்பது. இதை எழுதியவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். முடக்குவாதம், சர்க்கரை, ஆட்டிசம், முழங்கால் தேய்மானம், பெம்ஃபிகஸ் எல்லாவற்றுக்கும் அதே சிகிச்சை, அதே விலை. எந்த மரபணு, எந்த அடையாளம், எத்தனை செல்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது.

இந்தியாவில் கார் டி செல் சிகிச்சை இருக்கிறது, அதில் நாம் பெருமைப்படவும் காரணம் இருக்கிறது. ஐஐடி பாம்பேயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. வெளிநாட்டில் பல கோடி ஆகும் சிகிச்சையை இங்கே சுமார் 40 லட்சம் ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். அந்த அனுமதி சில இரத்தப் புற்றுநோய்களுக்கு, அதுவும் வேறு சிகிச்சைகள் பலிக்காதவர்களுக்கு. முறையான தயாரிப்பே இந்த விலை என்னும்போது 9 லட்சத்தில் உங்களுக்கு எதை ஏற்றுவார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

'இதுவும் ஆய்வுதான்' என்று அந்த மருத்துவமனை சொன்னால், பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் எந்த மருத்துவ ஆய்வும் 'சிடிஆர்ஐ' என்ற தேசியப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பக்கத்தில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். நன்னெறிக் குழு ஒப்புதல் கடிதம் எங்கே, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி எங்கே என்றும் கேளுங்கள். 2019இல் வந்த விதிகளின்படி, ஆய்வால் நோயாளிக்குப் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தருவது ஆய்வை நடத்துபவரின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது ஆய்வு நெறிகளுக்கு ஒவ்வாது. 9 லட்சம் கேட்கிறார்கள் என்ற ஒன்றே போதும், நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.

அமெரிக்கா பற்றியும் இதே கணக்குத்தான். உண்மையான ஆய்வில் செல்களுக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் மனையை விற்றுக்கொண்டு போய் இறங்கினால் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். ரிட்டுக்சிமாப் போன்றவை முறையாகக் கொடுத்தும் பலிக்கவில்லை என்பதற்கு ஆவணம் கேட்பார்கள், ஆன்டிபாடி அளவு கேட்பார்கள். சிகிச்சைக்குப் பின் வாரக்கணக்கில் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே, கூட ஒருவரோடு தங்கச் சொல்வார்கள். பிறகு பல ஆண்டுகள் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். விசாவும் வாடகையும் டிக்கெட்டும் உங்கள் தலையில்தான். ஆறு வயது மகனை இங்கே யாரிடம் விட்டுவிட்டுப் போவார்? ரிட்டுக்சிமாப் ஒரு சுற்று முழுமையாகப் போயும் நோய் அடங்கவில்லை, அதற்கு மேல் ஐவிஐஜி (பிறர் இரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை நரம்பு வழியே ஏற்றுவது) போன்றவையும் கைகொடுக்கவில்லை என்று ஒருநாள் வந்தால், அப்போது எனக்கு எழுதுங்கள். அந்த நேரத்தில் இந்தியாவிலேயே பதிவான ஆய்வு எதுவும் ஆள் எடுக்கிறதா என்று முதலில் தேடுவோம்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுக் காகிதங்களையும் ஒரு கோப்பில் வையுங்கள்: பயாப்சி அறிக்கை, ரிட்டுக்சிமாப் ஏற்றிய தேதியும் அளவும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி, இதுவரை சாப்பிட்ட ஸ்டீராய்டின் அளவு. கோவையிலோ திருப்பூரிலோ அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குப் போங்கள். மறுபடியும் ரிட்டுக்சிமாப் கொடுப்பதென்றால் அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். உடம்பில் அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸை இந்த மருந்து எழுப்பிவிடும். காசநோய்க்கும் பார்ப்பார்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் போடுவதானால் மருந்துக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே போட்டால்தான் பலன், ஆனால் நோய் வேகமாகப் பரவினால் மருத்துவர் அதற்காகக் காத்திருக்கமாட்டார். ரிட்டுக்சிமாப்புக்குப் பின் ஓராண்டு கருத்தரிக்கக் கூடாது, அதற்குப் பிறகு நோய் அடங்கியிருந்தால் குழந்தைக்குத் தடை இல்லை. இடையில் மைக்கோஃபினோலேட் என்ற மாத்திரை எழுதினால், குழந்தை ஆசை இருப்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது கருவைப் பாதிக்கும், மாற்று மருந்து உண்டு. அக்காவோ அத்தானோ சொல்லக் கூச்சப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

அதுவரை தயிர்சாதமும் பாலில் ஊறவைத்த இட்லியும் கொடுங்கள், காரமும் முறுக்கும் வேண்டாம். பல் துலக்க மிருதுவான பிரஷ். சர்க்கரை ஏறிவிட்டதே என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார், கொப்புளமும் இரட்டிப்பாக வரும். குறைப்பதை மருத்துவர் குறைக்கட்டும். அந்த மருத்துவமனைக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதிவு எண்ணை எழுத்தில் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்குப் பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.